கொழும்பில் இசையை நம்பிச் சீவிக்கிறவர்களுக்குத் தொழிற்சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கீபோர்ட் வாசிக்கிறவன். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை இன்னும் 'ஓர்கன்' என்றுதான் சொல்வார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, ஹோட்டல் லொபி, கோயில் திருவிழா மெல்லிசை என்று இருபது வருடத்துக்கு மேல் போய்விட்டது. சில மாதங்களாகப் பத்துப் பதினைந்து பேர் ஞாயிறு பின்னேரங்களில் கூடி, இசைக்காரருக்கென்று ஒரு தொழிற்சங்கம் வைத்தால் என்ன என்று கதைத்து வருகிறோம். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார். நானும் அதே பதில்களைத் தொண்டை வறளச் சொல்கிறேன். இனிமேல் இதைக் கையில் கொடுத்துவிட்டு நான் பிளேன்டீ குடிக்கலாம் என்ற யோசனையில் எழுதியது.

தொழிற்சங்கமா? நாங்கள் என்ன துறைமுகத்தில் மூட்டையா தூக்குகிறோம்?

கீபோர்ட், ஸ்டாண்ட், இரண்டு ஸ்பீக்கர், வயர்ப் பெட்டி. இவ்வளவையும் "லிஃப்ட் விருந்தாளிகளுக்கு மட்டும்" என்று சொன்ன பிறகு மூன்றாம் மாடிக்குப் படியால் ஏற்றிப் பாருங்கள். மூட்டை தூக்குகிறவருக்காவது ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது.

கேள்விக்குள் இருக்கும் கூச்சம் எனக்கு விளங்குகிறது. 'கலைஞர்' என்று கூப்பிட்டால் நெஞ்சு நிமிர்கிறது, 'தொழிலாளி' என்றால் ஏதோ இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் தொழிற்சங்கம் வளர்ந்ததே பாட்டோடுதான். கோ. நடேசய்யர் மலையகத்தில் தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய நாட்களில் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் கூடவே போய்த் தொழிலாளர் பாடல்களைப் பாடித்தான் கூட்டம் சேர்த்தார். 1930களின் கதை அது. சங்கத்துக்குப் பாட்டு உழைத்திருக்கிறது. பாட்டுக்காரருக்குச் சங்கம் உழைக்கவில்லை, ஏனென்றால் நாங்கள் கேட்கவில்லை.

ஏற்கெனவே எத்தனையோ கலை மன்றங்கள் இருக்கின்றனவே. இன்னொன்று எதற்கு?

மன்றம் விழா வைக்கும், பட்டம் தரும், பொன்னாடை போர்த்தும். அதில் பிழை ஒன்றுமில்லை. என் வீட்டு அலுமாரியில் ஒன்பது பொன்னாடை இருக்கிறது. அதைக் கொண்டுபோய்க் கடையில் அரிசி வாங்க முடியாது என்பதுதான் குறை.

தொழிற்சங்கம் சட்டப்படி வேறு பிறவி. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட சங்கத்துக்கு மன்றத்துக்கு இல்லாத சில பலங்கள் உண்டு. தொழில் பிணக்கு ஒன்றில் எல்லாரும் சேர்ந்து வேலை செய்ய மறுத்தால், அதனால் நட்டம் வந்தது என்று சங்கத்தின் மேல் இலேசில் வழக்குப் போட முடியாது. "இதற்குக் குறைந்து வாசிக்க மாட்டோம்" என்று கூடித் தீர்மானிப்பது வியாபாரத்துக்குத் தடை என்பதால் மட்டும் சட்டவிரோதமாகாது. உறுப்பினர் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால், அதை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் அவருக்காகச் சங்கமே மனுப் போடலாம். மன்றத் தலைவர் போனால் நாற்காலி தருவார்கள், அவ்வளவுதான்.

தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள உரிமை 1978 அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய காரியமல்ல இது.

சரி, சங்கம் எனக்கு என்ன செய்யும்? நேராகச் சொல்லுங்கள்.

ஒரு கதை சொன்னால் விளங்கும். 2016 தை மாதம், வெள்ளவத்தைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். நாங்கள் ஐந்து பேர். 75,000 ரூபா பேசி 20,000 அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். எல்லாம் வாய்ப்பேச்சுதான். இரவு பத்தரை மணிக்கு வயர் சுருட்டிக்கொண்டிருந்தபோது பெண்ணின் மாமா வந்தார். "தம்பி, இடையில ஸ்பீக்கர் கீச்சிட்டது, எல்லாரும் காதைப் பொத்தினவை. அதால ஒரு பதினைஞ்சைக் குறைச்சுக்கொள்ளுவம்" என்றார். மண்டபத்து ஸ்பீக்கர் அது, எங்களுடையதல்ல. அதைச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப நாளைக்கு வீட்டை வாங்கோ, கதைப்பம்" என்றார். சமையற்கட்டு வாசலில் நின்ற மற்ற நால்வரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டிரம்ஸ் வாசிக்கிற பெடியன் வத்தளை போக வேண்டும், பஸ் முடிந்துவிட்டது. அவர்களுக்கு என் கைக்காசைக் கொடுத்து அனுப்பினேன். மாமா வீட்டுக்கு மூன்று முறை போனேன். கடைசியில் கிடைத்தது 30,000. எனக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை.

சங்கம் இருந்திருந்தால் இந்தக் கதையில் மூன்று இடம் மாறியிருக்கும். பேசும்போதே எல்லா இசைக்குழுவும் கொடுக்கிற ஒரே ஒப்பந்தத் தாளில் மாமா கையெழுத்து வைத்திருப்பார். மீதிக் காசு மேடை ஏறும் முன்னரே கைக்கு வந்திருக்கும். வராவிட்டால் அடுத்த நாள் மாமா வீட்டு வாசலுக்குப் போவது நானல்ல, சங்கத்தின் கடிதம். அதிலும் தீராவிட்டால், அந்தக் குடும்பத்தின் அடுத்த கல்யாணத்துக்கு எந்த இசைக்குழுவும் பழைய கடன் தீராமல் திகதி கொடுக்காது. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய பலம். இந்த ஊரில் கல்யாணம் ஒன்றோடு முடிவதில்லையே.

இவற்றுக்கு மேல் நிதி. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு ஹோட்டல்கள் இருண்டன. அது தெளியும் முன் 2020 மார்ச்சில் கொரோனா முடக்கம். அதிலிருந்து எழும்பி நிற்கையில் 2022இல் பெற்றோல் வரிசையும் மின்வெட்டும். நாலு வருடத்துக்குள் மூன்று அடி. எங்களில் ஒருவர் ஒக்டபாட்டை (மின் டிரம்) விற்றார், ஒருவர் த்ரீவீல் ஓடினார், ஒருவர் கட்டாருக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. அந்த மாதங்களில் யாருக்கு உலர் உணவு கொடுப்பது என்று தீர்மானிக்கக்கூட எங்களிடம் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கவில்லை.

வேறு நாடுகளில் இது உண்மையாகவே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, நூறு வருடத்துக்கு மேலாக. மான்செஸ்டரில் ஜோ வில்லியம்ஸ் என்ற கிளாரினெட் வாசிப்பாளர் 1893இல் தொடங்கியதுதான் இன்றைய பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கத்தின் வேர். அரங்குகளில் வாசித்தவர்களைச் சேர்த்துத்தான் தொடங்கினார். இன்று அந்தச் சங்கத்தில் சேர்ந்தால் வாத்தியத்துக்குக் காப்புறுதி, மேடையில் யாருக்காவது அடிபட்டால் அதற்கான பொறுப்புக் காப்புறுதி, ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கச் சட்ட உதவி எல்லாம் சந்தாவுக்குள்ளேயே அடங்கும். அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் 1896இல் வந்தது. உலகச் சங்கங்களைச் சேர்க்கும் சர்வதேச சம்மேளனம் 1948இல்.

எனக்குப் பிடித்த கதை 1942இனுடையது. இசைத்தட்டும் வானொலியும் வந்து, ஒருமுறை வாசித்ததையே ஆயிரம் முறை ஒலிபரப்பி வாசித்தவரை வீட்டில் இருத்திவிட்டார்கள். அமெரிக்கச் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ, ஆகஸ்ட் 1 முதல் எந்த உறுப்பினரும் இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்று அறிவித்தார். கம்பெனிகள் சிரித்தன. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லாததால் வாத்தியம் இல்லாமல் கூட்டுக் குரல்களைப் பின்னணிக்கு வைத்துப் பாட்டுப் பதிந்து பார்த்தார்கள். 1943 செப்டெம்பரில் டெக்கா கம்பெனி இறங்கி வந்தது. 1944 நவம்பரில் ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் இறங்கின. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சிறு தொகை ஒரு நிதிக்குப் போக வேண்டும், அந்த நிதியிலிருந்து வேலையில்லாத வாத்தியக்காரருக்குச் சம்பளம் கொடுத்து மக்களுக்கு இலவசக் கச்சேரி வைக்க வேண்டும் என்பதே உடன்பாடு. இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க எங்களுக்கு வயிறு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றால் சென்னையைப் பாருங்கள். திரைப்பட வாத்தியக்காரருக்குச் சங்கம் அமைப்பதில் முன்னின்றவர் எம்.பி. சீனிவாசன். இசையமைப்பாளர் அவர். அதாவது வாத்தியக்காரருக்குக் கால்ஷீட் கேட்டு வேலை கொடுக்கும் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்துக்காக நின்றார். எங்கள் பாண்ட் லீடர்மார் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

நான்தான் பாண்ட் லீடர். அப்போது நான் முதலாளியா, தொழிலாளியா?

இரண்டும்தான். அதனால்தான் கூட்டத்தில் இந்தக் கேள்வி வந்தவுடன் எல்லாரும் கைபேசியைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

கல்யாண வீட்டாருக்கு முன்னால் நீங்கள் கூலிக்கு வந்தவர். டிரம்ஸ் பெடியனுக்கு முன்னால் நீங்கள்தான் படியளக்கிறவர். ஒரு லட்சத்துக்குப் பேசிவிட்டு "60க்குத்தான் ஒத்துக்கொண்டினம்" என்று குழுவிடம் சொன்ன லீடர்களை எனக்குத் தெரியும். ஒருகாலத்தில் அப்படி ஒருவரிடம் நானும் வாசித்தேன். அமெரிக்கச் சங்கத்தின் ஒலிப்பதிவு ஒப்பந்தங்களில் இதற்கு வெளிப்படையான வழி இருக்கிறது: லீடருக்கு மற்றவரைப் போல இரண்டு மடங்கு, எழுத்திலேயே. அவர் போன் எடுக்கிறார், ஆள் சேர்க்கிறார், பேச்சு வாங்குகிறார், அதற்குக் கூலி வேண்டும்தானே. ஒளித்து எடுப்பதை விட இரட்டிப்பாகக் கேட்டு எடுப்பது மேல். நாங்கள் இப்போது எழுதிவரும் ஒப்பந்தத் தாளிலும் மொத்தத் தொகையைக் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. லீடர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வதே சரி.

குறைந்தபட்ச விலை வைத்தால் உள்ள வேலையும் போய்விடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நியாயமான பயமும்கூட.

போன வருடம் நாங்கள் நாலு பேர் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது தற்செயலாக ஒரு திகதியைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரே அன்ரி, ஒரே கல்யாணத்துக்கு, எங்கள் நாலு பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டிருக்கிறார். என்னிடம், "மற்றவர் 60க்கு வாறார், நீங்கள் 55க்கு வருவீங்களே?" அந்த மற்றவரிடம் கேட்டால் அவர் சொன்னது 80. அவரிடம் அன்ரி என் பெயரைச் சொல்லி 50 என்றிருக்கிறார், நான் அப்போது வாயே திறக்கவில்லை. நாலு பேரும் இல்லாத ஒரு விலையோடு போட்டி போட்டுக் கீழே கீழே இறங்கியிருக்கிறோம். அன்ரி மேல் எனக்குக் கோபமில்லை, மரக்கறிக் கடையிலும் அப்படித்தான் கேட்பார். மரக்கறிக்காரர் பக்கத்துக் கடைக்காரரோடு கதைக்கிறார், நாங்கள் கதைப்பதில்லை.

சங்கம் வைக்கும் விலை கூரை அல்ல, தரை. பெயர் பெற்ற பாடகர் மூன்று லட்சம் கேட்கட்டும், யாரும் தடுக்கப் போவதில்லை. ஒரு ஆளுக்கு, ஒரு நிகழ்ச்சிக்கு, இவ்வளவு மணித்தியாலத்துக்கு இதற்குக் கீழே இறங்குவதில்லை என்பதுதான் பேச்சு. சங்கம் முதலில் நமக்கும் நமக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். ஏற்பாட்டாளரோடு செய்வது இரண்டாவது.

வேலை போகுமா? சில வேலை போகும். 25,000 ரூபாவுக்கு ஐந்து பேர் கேட்கிறவர் டிஜே பக்கம் போய்விடுவார். பெற்றோலும் சாப்பாடும் கழித்துப் பார்த்தால் அந்த வேலையில் நாங்கள்தான் அவருக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

ஹோட்டலில் வாரம் ஐந்து இரவு வாசிக்கிறேன். 'பெர்ஃபோமர் கொன்ட்ராக்ட்' என்கிறார்கள். ஈபிஎஃப் கிடையாதாம்.

தாளின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் முடிவல்ல. எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன உடுப்பு, என்ன பாட்டு, எப்போது இடைவேளை என்று யார் தீர்மானிக்கிறார்கள்? உங்களுக்குப் பதிலாக உங்கள் தம்பியை அனுப்பலாமா? மாதா மாதம் ஒரே தொகை வருகிறதா? இப்படித்தான் பார்ப்பார்கள். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 'வேலையாள்' என்பதற்குள் தானே நேரில் செய்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டு வேலை செய்பவரும் அடங்குகிறார். ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாலென்ன, வாய்மொழியாக இருந்தாலென்ன.

ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தருநர் தனியாக 3 வீதம். மாதம் 60,000 ரூபா வாங்குகிறீர்கள் என்று வைப்போம். ஹோட்டல் உங்கள் பெயரில் போட வேண்டியது 7,200உம் 1,800உம், மொத்தம் 9,000. பத்து வருடத்துக்கு வட்டி இல்லாமலே 10 லட்சத்து 80 ஆயிரம். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையும் உண்டு. பத்து வருடத்துக்கு அது இன்னொரு 3 லட்சம். "கொன்ட்ராக்ட்" என்ற ஒரு சொல்லின் விலை இது.

நிறுத்திவிட்டார்கள் என்றால் தொழில் நியாய சபைக்கு மனுப் போட 6 மாதம்தான் அவகாசம். "சீசனுக்குக் கூப்பிடுவம்" என்ற சொல்லை நம்பி ஏழாம் மாதம் வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஹோட்டலோடு கூட்டாகப் பேச வேண்டுமானால் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் வந்த திருத்தம் கை கொடுக்கும். எந்த ஊழியருக்காகச் சங்கம் பேச வருகிறதோ அவர்களில் 40 வீதத்தினர் அந்தச் சங்கத்தில் இருந்தால், தருநர் பேச மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஐந்து வாத்தியக்காரர் தனியாக நிற்பதை விட அங்குள்ள பொதுச் சங்கத்தோடு சேர்ந்து நிற்பது புத்தி என்பது என் எண்ணம். கொழும்பில் அப்படிப்பட்ட பழைய சங்கம் இலங்கை வணிக ஊழியர் சங்கம், 1928இல் தொடங்கியது. பாலா தம்பு என்ற தமிழர் 1948 முதல் 2014இல் இறக்கும்வரை அதன் பொதுச் செயலாளராக இருந்தார். அறுபத்தாறு வருடம்! எங்கள் பாண்ட்கள் அறுபத்தாறு நாள் சண்டையில்லாமல் இருப்பதில்லை.

நான் நாதஸ்வரம். கோயிலில் தருவது சன்மானம், சம்பளம் அல்ல. அதற்குச் சங்கம் சரிவருமா?

சொல்லிலேயே சிக்கல் இருக்கிறது, ஐயா. சம்பளம் தர வேண்டியது. சன்மானம் தருகிறவர் மனம் குளிர்ந்தால் தருவது. வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் கடித உறையைப் பார்த்ததும் எண்ணிப் பார்க்கக் கை கூசுகிறது. த்ரீவீலுக்குள் ஏறின பிறகுதான் எண்ணுகிறோம்.

இணுவிலிலிருந்தும் அளவெட்டியிலிருந்தும் செற் (நாதஸ்வர, தவில் குழு) வரவழைக்கிறார்கள். பஸ் காசு, தங்குமிடம், பத்து நாள் திருவிழாவில் காலையும் இரவும் வாசிப்பு. எங்கள் மெல்லிசைக்காரரை விட மேளக்காரரிடம் ஒற்றுமை கூட என்பதையும் சொல்ல வேண்டும். மேளம் பேசும்போது இன்ன செற் இன்ன விலை என்பது அவர்களுக்குள் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். சங்கம் அதற்கு ஒரு தாளும் ஒரு முத்திரையும் சேர்க்கும், அவ்வளவுதான். மரியாதை குறையாது. தட்டில் வைத்தே தரட்டும், தொகை மட்டும் முதலிலேயே எழுதியிருக்கட்டும்.

மைனஸ் ட்ராக் (குரல் இல்லாமல் பதிந்த பின்னணி இசை) போட்டு ஒரே பாடகர் கல்யாணத்தை முடிக்கிறாரே. சங்கம் லப்டொப்பை என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. லப்டொப்போடு சண்டை பிடித்து வென்றவர் இல்லை. 2003 மார்ச்சில் நியூயோர்க் பிராட்வே அரங்குகளில் வாத்தியக்காரர் நாலு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அரங்குக்கு ஆகக் குறைந்தது இத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்ற விதியைத் தயாரிப்பாளர்கள் எடுத்துவிடப் பார்த்தார்கள். கணினி இசையை வைத்துக் காட்சியை நடத்துவோம் என்றார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளரும் கூட நின்றதால் அரங்குகள் இருண்டன. முடிவில் பெரிய அரங்குகளில் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே இறங்கியது, ஆனால் விதி தப்பியது. முழு வெற்றி இல்லை.

எங்களால் முடிந்தது சிறியது. 'லைவ் பாண்ட்' என்று விளம்பரம் போட்டுவிட்டு ட்ராக் ஓட்டுவதை எதிர்க்கலாம். எங்கள் வாசிப்பையே பதிந்து ட்ராக்காக்கினால் அதற்குத் தனி விலை கேட்கலாம். அமெரிக்கச் சங்கம் 2024இல் திரைப்படத் தயாரிப்பாளர்களோடு செய்த ஒப்பந்தத்தில் செயற்கை நுண்ணறிவுக்கும் வரம்பு போட்டிருக்கிறது. எங்களுக்கும் அது வரும், த்ரீவீலில் வந்தாலும் வரும்.

எங்கள் நிகழ்ச்சியைப் பேஸ்புக்கில் நேரலை விடுகிறார்கள். தடுக்கலாமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி மேடையில் வாசிக்கிறவரின் சம்மதம் இல்லாமல் அந்த நிகழ்த்துகையைப் பதியவோ ஒலிபரப்பவோ கூடாது. அந்த உரிமை 50 வருடம். பாட்டை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் வேறாக ஆயுள் முழுவதும், இறந்த பின் 70 வருடமும். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். வேறொருவர் பாட்டை நீங்கள் வாசித்தாலும் அந்த வாசிப்பு உங்களுடையது.

மாப்பிள்ளையின் தங்கை கைபேசியில் எடுப்பதைத் தடுக்கப் போய் அவமானப்படாதீர்கள். மூன்று கமரா வைத்து யூடியூபில் விளம்பரத்தோடு போடுகிறவரிடம், சம்மதம் சொல்லும் முன் விலை கேளுங்கள். மேலதிகமாகக் கேட்க மருதானை ரோட்டுப் பக்கம் போனால், கொழும்பு 10 டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர என்ற கட்டடத்தில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது.

எங்கள் குழுவில் சிங்களவரும் இருக்கிறார்கள். தமிழருக்கு மட்டும் சங்கமா?

இல்லை. கொழும்பில் தமிழ்க் கல்யாணத்துக்கு டிரம்ஸ் வாசிப்பவர் ராகமையிலிருந்து வருகிறார், பேஸ் கிட்டார் கொச்சிக்கடை, ஒலி மருதானை முஸ்லிம் பெடியன். தமிழர் மட்டும் விலையைப் பிடித்து நின்றால் அது அடுத்த வாரமே உடையும். கூட்டக் குறிப்பு இரண்டு மொழியிலும் போகும். மொழிபெயர்க்கிறவர் பகிடியை மட்டும் விட்டுவிடுகிறார் என்று ஒரு முறைப்பாடு உண்டு.

பாடகிகளுக்கு இதில் என்ன?

இதை எழுதும்போது என்னோடு பாடும் தங்கச்சியிடம் கேட்டேன். விலை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணா, உடுப்பு மாத்த ஒரு பூட்டுற கதவு" என்றார். பிறகு, இரவு வீட்டு வாசல் வரை வாகனம். பிறகு, குடித்துவிட்டு மேடை ஏறுகிறவரை இறக்க ஒரு ஆள். இந்த மூன்றும் ஒப்பந்தத் தாளில் இப்போது இருக்கின்றன. இருபது வருடம் வாசித்த எங்களில் ஒருவருக்கும் அந்தக் கதவு ஞாபகம் வரவில்லை.

காது இரைகிறது. இதுவும் தொழிற்சங்க விஷயமா?

சுத்தமான தொழிற்சங்க விஷயம். 85 டெசிபலில் 8 மணித்தியாலம் நிற்கலாம் என்பது தொழிற்சுகாதாரக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். அப்படியே போனால் 100 டெசிபலில் 15 நிமிடம். சிம்பலுக்குப் பக்கத்தில் நான் நிற்பது நாலு மணித்தியாலம். மொனிட்டரை (மேடையில் எங்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) குறைக்கச் சொன்னால் சவுண்ட்காரர் சிரிக்கிறார். காதடைப்பான் மலிவு. சங்கம் மொத்தமாக வாங்கினால் இன்னும் மலிவு.

பதிவது கஷ்டமா? சந்தா எவ்வளவு?

ஏழு பேர் போதும். யாப்பு (சங்க விதிகள்) ஒன்று எழுதி, சங்கம் தொடங்கி 3 மாதத்துக்குள் தொழிற்சங்கப் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்தில்தான் காரியம். பதிந்த பிறகு வருடா வருடம் கணக்கு அனுப்ப வேண்டும். மன்றங்களில் காசு 'காணாமல்' போகும் கதை கேட்டவர்களுக்கு இது நல்ல செய்தி.

சந்தா இன்னும் முடிவாகவில்லை. மாதம் 500 என்று ஒரு கட்சி, ஒரு நிகழ்ச்சிக்கு நூற்றுக்கு இரண்டு என்று இன்னொரு கட்சி. வேலை இல்லாத மாதத்தில் சந்தா கேட்காதது இரண்டாவது, ஆகவே நான் அந்தப் பக்கம். ஓய்வூதியம் கேட்பவர்களுக்கு: அதைச் சங்கமே நடத்த முடியாது. சுயதொழில் செய்பவருக்கு இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபையின் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. கூட்டமாகப் போய்ச் சேர்த்துவிடுவதுதான் எங்களால் ஆகிற வேலை.

சங்கம் வரும்போது வரட்டும். அடுத்த வெள்ளி ஒரு நிகழ்ச்சி. இப்போது என்ன செய்ய?

ஒரு வாட்சப் செய்தி அனுப்புங்கள். 2006இன் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி அப்படிச் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். நான் அனுப்புவது இப்படி:

"வணக்கம் அண்ணா. கதைச்சபடி: 14ஆம் திகதி வெள்ளி, மாலை 6.30 முதல் 10 வரை, ஐந்து பேர், 110,000 ரூபா. அட்வான்ஸ் 40,000 கிடைச்சது. மீதி 70,000 தொடங்க முதல். ஸ்பீக்கர் மண்டபத்தினுடையது, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. பத்துக்கு மேல் ஒவ்வொரு அரை மணிக்கும் 10,000. ஐந்து பேருக்குச் சாப்பாடு. ஏழு நாளுக்குள் ரத்துச் செய்தால் அட்வான்ஸ் திருப்ப மாட்டோம். சரியெண்டால் 'சரி' எண்டு ஒரு பதில் போடுங்கோ."

அந்த ஒற்றை 'சரி' வரும்வரை கீபோர்டை உறையில் போடாதீர்கள். பிறகு பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், சட்டத்தரணிக்குக் காசு வேண்டாம். கையில் காட்ட அந்தச் செய்தி இருக்கும். ஸ்பீக்கர் பற்றிய அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு வாத்தியம் கொண்டு வரலாமா?

வேண்டாம். முதல் இரண்டு கூட்டமும் அப்படித்தான் ஒத்திகையாகப் போய் முடிந்தது.